வளர்த்த புன்னையும் வளர்ந்த முதுமரமும்

தமிழர் மரங்களை உடன்பிறப்பாகப் போற்றினர் என்று நிறுவப் புகும் கட்டுரையாளர் எவரும் நற்றிணையின் 172ஆம் பாட்டை விட்டுவிடுவதில்லை. ஆயத்தாரோடு விளையாடிய சிறுமி வெண்மணலில் புன்னை விதையை அழுத்தி மறந்துவிடுகிறாள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் பெய்து வளர்க்கின்றனர். இம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்று பின்னர் அன்னை சொல்கிறாள். அதனால் அதன் நிழலில் காதலனோடு நகைத்துப் பேச நாணமாக இருக்கிறதாம். அழகிய பாட்டு, ஐயமில்லை. ஆயின் பழங்காடுகளைப் பேணிய மரபுக்கு இதனைச் சான்றாக நிறுத்தலாமா? பகலில் வந்து நிற்கும் தலைவனைத் திருமணத்தின்பால் திருப்பத் தோழி கையாளும் சொல்திறனே அங்கு நாம் கேட்பது. மரமோ ஒன்றே ஒன்று. அதுவும் வீட்டுப் பிள்ளைபோல் வளர்க்கப்பட்டது. அதில் காடு எங்கே இருக்கிறது?

காட்டைக் காண விழைவோர் அதே தொகையின் 83ஆம் பாட்டுக்கு வரவேண்டும். மேடைகளில் இப்பாட்டு அருகியே ஒலிக்கிறது. காரணம், இதில் வருவது புன்னை மலரன்று, கூகை. ஊர் முகப்பிலே உண்ணுநீர்த் துறை. அதன் அருகே தெய்வம் உறைவதாக ஊரார் கருதும் முதுமரம். அம்மரத்தில் நெடுங்காலமாக உடன் வாழ்ந்து பழகிய கூகை ஒன்று. இரவில் தலைவன் வரவை எதிர்நோக்கித் துயிலாதிருக்கும் தலைவிக்காகத் தோழி அக்கூகையிடம் பேசுகிறாள். ஊனும் நெய்யும் கலந்த சோறு தருகிறோம், எலியின் சூட்டிறைச்சியும் தருகிறோம், அஞ்சும்படி அலறாதே என்று இறைஞ்சுகிறாள். நகைச்சுவையும் அச்சமும் ஒருங்கே அமைந்த பாட்டு இது.

புலவர் இங்கே நான்கு பொருள்களைப் பிரிக்காமல் வைத்திருப்பதைக் காண்க: நீர்த்துறை, முதுமரம், தெய்வம், கூகை. உரை கூறுவோர் கூகையின் குரலைத் தீநிமித்தமென்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். நாம் இன்னும் சற்று நின்று பார்க்கலாம். கூகை தங்குவதற்குப் பெரும்பாலும் மரப்பொந்து வேண்டும். பொந்து இளமரத்தில் அமைவதில்லை. கிளை முறிந்து, உள்மரம் உளுத்து, பல தலைமுறை கழிந்தே அமையும். முதுமையே அம்மரத்தின் சிறப்பு. தெய்வ அச்சத்தால் எவரும் கோடரி வைக்காமையால் அம்முதுமை அதற்கு வாய்த்தது. நீர்த்துறை ஊருக்கு உயிர்நாடி. அதனருகே நிற்கும் மரத்தைத் தெய்வத்தின் பொறுப்பில் ஒப்படைத்த ஊரார் பேதையர் அல்லர்.

இப்பாட்டின் நிலம் அழிந்துபோன ஒன்றன்று. ஐயனார்க்கும் கருப்பர்க்கும் உரியவையாகத் தமிழ்நாட்டில் இன்றும் கோயிற்காடுகள் உள்ளன. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு 4.97 எக்டேர், ஏறத்தாழ 12 ஏக்கர் அளவே உள்ளது. 2025இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நம் மராட்டிய அண்டைவீட்டார் இத்தகைய காட்டைத் 'தேவராய்' என்பர். சகியாத்திரி மலைச் சிற்றூர்களில் உள்ள இவற்றை மாதவ் காட்கிலும் வர்தக்கும் 1970களில் ஆய்ந்து எழுதினர். சுற்றிலும் காடு அற்றுப்போன இடங்களில் பழங்காட்டின் எச்சமாகத் தேவராய்களே நிற்பதை அவர்கள் காட்டினர். மும்பையில் வாழும் நம்மவர் மாத்தேரான், மகாபலேசுவரம் என்று சுற்றுலா போகிறோம். வழியிலுள்ள தேவராயைக் கேட்டறிந்து போனவர் நம்முள் எத்தனை பேர்?

மன்னர்கள் கடிமரம் காத்தனரே, அது பாதுகாப்பு அன்றோ எனச் சிலர் வினவலாம். கடிமரத்தைப் பாடும் பாட்டுகளை முழுதும் படித்தால் விடை கிடைக்கும். காத்த செய்தியைவிட வெட்டிய செய்தியே அங்கு மிகுதி. சேரன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்தான். செங்குட்டுவன் பழையனின் வேம்பை வெட்டி, கணவரை இழந்த மகளிரின் கூந்தலைக் கயிறாகத் திரித்து, யானைகளைப் பூட்டி இழுத்துச் சென்றான் என்று பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம் கூறுகிறது. நன்னனின் காவல் மாமரம் எத்தகையது? ஆற்றில் மிதந்து வந்த அதன் காயைத் தின்ற ஒரு பெண்ணைக் கொல்லச் செய்தது. அவள் நிறைக்குப் பொற்பாவையும் 81 யானையும் தருகிறோம் என்றும் அவன் இரங்கவில்லை என்பது குறுந்தொகை 292. அம்மரத்தையும் பின்னர்க் கோசர் வெட்டினர். பட்டினப்பாலையோ காட்டை அழித்து நாடாக்கியதைக் கரிகாலனின் புகழாகவே பாடுகிறது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு முன்னோர் அனைவரும் காடு காத்தனர் என்பது திறனாய்வு ஆகாது. அரசன் காத்த மரம் அவன் கொடியைப் போன்றது. அவன் வீழ்ந்தால் அதுவும் வீழும். ஊர் அஞ்சிய மரத்திற்கோ அரசன் மாறினும் ஊர் துணையிருந்தது.

இவ்வேறுபாடு ஏட்டோடு முடிந்ததன்று. தாராவிக்கு அருகே மாகிமில் உள்ள இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைமேடு. 1980களில் அங்கே மரம் நடத் தொடங்கி 1994இல் மக்களுக்குத் திறந்தனர். பெருமைக்குரிய செயல், அது நம் காலத்துப் புன்னை. ஆயின் புன்னையைக் காட்டி முதுமரத்தை விலைபேசும் வாதத்தையும் இந்நகரம் கேட்டது. 2019 அக்டோபர் 4ஆம் நாள் உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியதும், மெட்ரோ பணிமனைக்காக ஆரேயில் இரவோடு இரவாக மரம் வெட்டலாயினர். 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடுத்தபோது 2,100க்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்திருந்தன. ஈடாக வேறிடத்தில் கன்றுகள் நட்டுள்ளோம் என்றனர். கன்று நிழல் தரும், மறுப்பில்லை. பொந்தும், மரந்தழுவிய பெருங்கொடியும், பல்லாண்டுச் சருகு மக்கிய மண்ணும், அம்மண்ணில் வேரோடு பிணைந்து வாழும் பூஞ்சையும் கன்றோடு வண்டியில் வந்திறங்குவதில்லை.

சட்டத்தின் காவலும் ஒருவகையில் கடிமரக் காவலே. மதுரை அரிட்டாபட்டி தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உடைய ஊர். அங்கு 193.42 எக்டேர் நிலம் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. 2024இல் அப்பகுதியையும் உள்ளடக்கியே டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தேறியது. மேலூர் வட்டாரத்து ஊர்கள் எழுந்தன. சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் மக்கள் மதுரைக்குப் பேரணியாகத் திரண்டு வந்தனர். அம்மாத இறுதிக்குள் நடுவணரசு ஏலத்தை நீக்கியது. அறிவிப்புத் தாள் தனித்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் நம்போன்றோர் எளிதில் ஊகிப்போம்.

நம் சங்க வகுப்புகளில் பிள்ளைகளுக்கு 172ஆம் பாட்டைச் சொல்லிக் கொடுக்கிறோம், நன்று. அடுத்த பாடமாக 83ஐ வைக்கலாம். கூகைக்கு எலிக்கறி படைக்கும் இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் அவ்வூரார் அம்மரத்தை வெட்டவில்லை என்றும் கேட்பார்கள்.