‘முனைவு’ என்னும் கலைச்சொல்லும் வடமிழுத்தல் உவமையும்: ஒரு திறனாய்வு

வேதியியல் தமிழில் ‘முனைவுள்ள மூலக்கூறு’, ‘முனைவற்ற மூலக்கூறு’ என்னும் இணை நிலைபெற்றுவிட்டது. எனினும் ஒரு கலைச்சொல் புழக்கத்தில் நிலைப்பது வேறு. அது சுட்டும் கருத்து கற்பவர் உள்ளத்தில் தெளிவாக அமைவது வேறு. பின்னதே இங்கு ஆய்வுக்குரியது.

சொல்லைப் பொறுத்தவரை தேர்வு நன்று. ‘துருவம்’ வடமொழியில் அசையாது நிற்பதைக் குறிப்பது. துருவ விண்மீனின் பெயர் அப்பொருளிலேயே அமைந்தது. ‘முனை’ நுனியையும் எல்லையையும் சுட்டும். ஒரு முனை என்றதும் மறுமுனை நினைவுக்கு வரும். ஒரு பக்கம் எதிர்மின் தன்மையும் மறுபக்கம் நேர்மின் தன்மையும் சற்றே மேலோங்கி நிற்கும் மூலக்கூற்றுக்கு இச்சொல் இயல்பாகப் பொருந்துகிறது. (‘முனைவர்’ பட்டத்தோடுள்ள ஒலியொப்புமை வகுப்பறைச் சிரிப்புக்கு உதவுமேயன்றிக் குழப்பம் விளைவிப்பதில்லை.) சிக்கல் ‘உள்ள’, ‘அற்ற’ என்பவற்றில் தொடங்குகிறது. இவை உண்டு, இல்லை என இரு கூறாக்குபவை. இருமுனை திருப்புத்திறனோ தொடர்ச்சியான அளவு: நீருக்கு 1.85 டெபை, அம்மோனியாவுக்கு 1.47 டெபை, கார்பன் மோனாக்சைடுக்கு ஏறத்தாழ 0.11 டெபை மட்டுமே. மூன்றும் ‘முனைவுள்ளவை’ என்னும் ஒரே அடைமொழிக்குள் அடங்கிவிடுகின்றன.

இதனினும் பெரிய குறை விளக்கமுறையில் உள்ளது. இரு அணுக்கள் எலக்ட்ரான்களை இழுக்கும் வடமிழுத்தல் போட்டியாக முனைவினை உவமிப்பது கற்பித்தலில் பரவலான வழக்கம். கார்பன் டைஆக்சைடுக்கு அது அழகாகப் பொருந்தும். பாலிங் அளவுகோலில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.44, கார்பனுடையது 2.55; பிணைப்பு ஒவ்வொன்றும் முனைவுடையதே. ஆயினும் மூலக்கூறு நேர்க்கோட்டு வடிவினதாதலால் எதிரெதிர் இழுவைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, திருப்புத்திறன் சுழியாகிறது. பிணைப்பின் முனைவும் மூலக்கூற்றின் முனைவும் வேறுவேறு என்பதை இவ்வெடுத்துக்காட்டு ஐயமின்றிக் காட்டுகிறது.

ஆனால் அதே இரு தனிமங்களாலான கார்பன் மோனாக்சைடில் உவமை முறிகிறது. அங்கும் கவர்தன்மை வேறுபாடு 0.89தான், ஆக்சிஜனே வெல்ல வேண்டும். உண்மையில் எதிர்மின் முனையாக அமைவது கார்பன். எலக்ட்ரான் அடர்த்தி மூலக்கூறு முழுவதிலும் பரவும் முறையை, குறிப்பாகக் கார்பன் மீதுள்ள தனித்த இரட்டை எலக்ட்ரான்களை, கயிறு கணக்கில் கொள்வதில்லை. ஓசோன் மற்றொரு தடை. மூன்று அணுக்களும் ஒரே தனிமத்தவை, போட்டிக்கே இடமில்லை. வளைந்த அமைப்புடைய அம்மூலக்கூற்றுக்கு 0.53 டெபை திருப்புத்திறன் உண்டு.

மிகவும் பயனுள்ள சான்று அம்மோனியாவும் நைட்ரஜன் ட்ரைபுளூரைடும் சேர்ந்த இணை. இரண்டும் பிரமிடு வடிவின. நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான கவர்தன்மை வேறுபாடு 0.84, நைட்ரஜனுக்கும் புளூரினுக்கும் இடையே 0.94. வேறுபாட்டை மட்டும் நோக்குவோர் பின்னதற்கே மிகுதியான திருப்புத்திறனை எதிர்பார்ப்பர். அளவீடோ 0.23 டெபை. அம்மோனியாவில் பிணைப்புகளின் திசையும் தனித்த இரட்டையின் திசையும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மற்றதில் புளூரின் எதிர்த்திசையில் இழுப்பதால் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. வடிவம் ஒன்றாயிருந்தும் விளைவு மாறுவதால், ‘சமச்சீர் இருந்தால் முனைவற்றது, இன்றேல் முனைவுள்ளது’ என்று மனனம் செய்தவரும் இங்கு அளவின் வேறுபாட்டை விளக்க இயலாது தயங்குவர்.

இலங்கை வழக்கிலுள்ள ‘பங்கீட்டு வலுப்பிணைப்பு’ இவ்விடத்தில் தமிழ்நாட்டுச் ‘சகப்பிணைப்’பைவிட உதவியானது. பங்கீடு என்றதும் யாருக்கு எவ்வளவு என்னும் வினா தானே எழுகிறது. இழுபறிக்கு உவமை தேட வேண்டியதில்லை. அவ்வினாவிலிருந்து பிணைப்பு முனைவுக்கும், பின்னர்த் திசைகளைக் கூட்டி மூலக்கூற்று முனைவுக்கும் செல்லலாம். ‘முனைவுள்ளது’ என்று மட்டும் எழுதாமல் ‘மிகு முனைவுடையது’, ‘குறை முனைவுடையது’ என அளவுகாட்டி எழுதுவதற்கும் தமிழில் தடையில்லை. உவமையை முற்றிலும் விலக்க வேண்டுமென்பதன்று. கார்பன் டைஆக்சைடோடு அதனை நிறுத்திக்கொண்டு, அடுத்த எடுத்துக்காட்டாக நைட்ரஜன் ட்ரைபுளூரைடைப் பாடத்தில் வைப்பது போதுமானது.