துளையில் நுழைவதெல்லாம் இயங்குவதில்லை: ஏஎம்4, ஏஎம்5 கணினித் தளங்கள் குறித்த மதிப்பீடு

மும்பையில் கணினிப் பாகங்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் பெரிய சந்தை, கிராண்ட் ரோடு நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலை. 1903 முதல் 1907 வரை பம்பாய் ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்தச் சாலை, அரசு ஆவணங்களில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று மாறிவிட்டாலும், சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படியே மும்பைக்குப் பழைய பெயரிலேயே விளங்குகிறது. மாட்டுங்காவிலோ தாராவியிலோ குடியிருப்பவருக்கு அது அரைமணிப் பயணம். கல்யாணில் இருப்பவரோ விரைவு லோக்கலில் தாதர் வரை வந்து, படியேறி மேற்கு ரயில்வேயின் ஸ்லோ வண்டிக்கு மாறி, ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதால், பொருந்தாத ஒரு பாகத்தை மாற்றிவர வேலைநாள் ஒன்றை இழக்க நேரிடும். ஆகவே பாகங்களுக்கிடையிலான பொருத்தத்தை வாங்குமுன்பே தீர்மானித்துக்கொள்வது கல்யாண்வாசிக்கு மற்றவரைவிட அவசியமாகிறது.

இன்று சொந்தமாகக் கணினி சேர்ப்போர்முன் நிற்கும் பல வழிகளில், ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4, ஏஎம்5 என்னும் இரு தளங்கள் இங்கே ஆராயப்படுகின்றன. தளம் என்பது பிராசஸர், அது அமரும் சாக்கெட், மதர்போர்டின் சிப்செட், ரேம் வகை ஆகிய நான்கும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் அமைப்பு. 2016இல் வந்து, 2017இல் ரைசன் பிராசஸர்களோடு பரவிய ஏஎம்4 சாக்கெட்டில் 1331 ஊசித்துளைகள் உண்டு. ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கும். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் 1718 தொடுமுனைகள் போர்டின் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டன. இந்த மாற்றம் கைக்கு உடனே புலப்படுகிறது. ஏஎம்4இல் நெம்புகோலைத் தூக்கி, பிராசஸரின் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்துவைத்தால், விரலழுத்தம் சிறிதுமின்றித் தன் எடையிலேயே அது இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஓர் ஊசி வளைந்திருக்கிறது என்று பொருள். ஏஎம்5இல் உலோகச் சட்டத்தை மூடி நெம்புகோலை அழுத்தும்போது, எதையோ உடைக்கிறோமோ என்று அஞ்சுமளவுக்கு விசை தேவைப்படுகிறது; அது இயல்பே. பழைய ஏஎம்4 கணினியில் குளிர்விப்பானைக் கழற்றும்போது, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் ஆபத்து உண்டு. சற்றுநேரம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்தபின் குளிர்விப்பானை மெல்லத் திருகி எடுப்பதே முறை.

வடிவம் பொருந்தினால் போதும் என்ற நம்பிக்கைதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். இன்டெல் நிறுவனத்தின் எல்ஜிஏ 1151 சாக்கெட் இதற்குத் தெளிவான சான்று: 2015இல் ஆறாம் தலைமுறைக்கு வந்த அதே சாக்கெட்டில்தான் 2017இன் எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் அமரும், ஆனால் பழைய 100, 200 வரிசைச் சிப்செட் கொண்ட போர்டில் அது இயங்காது. பழைய போர்டுகளும் பிராசஸர்களும் தனித்தனியாக விலைபோகும் சந்தையில் இந்த வேறுபாட்டை அறியாதவர் ஏமாறுவது எளிது. ஏஎம்4 தளத்திலும் இதன் சாயல் உண்டு. 2018இல் வெளிவந்த பி450 போர்டு, 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசையை ஏற்க வேண்டுமானால், அதன் பயாஸ், அதாவது கணினி கண்விழிக்கும்போது முதலில் ஓடும் நிரல், புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏஎம்5இலும் 2022இன் 600 வரிசைப் போர்டுகளுக்கும் 2024இன் ரைசன் 9000 வரிசைக்கும் இடையே இதே நிலைதான். பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் கொண்ட போர்டுகளும் உள்ளன. சற்று விலை கூடினாலும் தொலைவிலிருந்து வருபவருக்கு அந்த வசதி மிகப் பயன்படும்.

பிராசஸரின் பெயரில் வரும் ஓரெழுத்துகூட முழுக்கணினியின் தலையெழுத்தை மாற்றக்கூடியது. ரைசன் 5 5600இல் கிராபிக்ஸ் பகுதி இல்லை; போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வராது, தனிக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். 5600ஜி பிராசஸரில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது, கார்டைப் பிராசஸரோடு இணைக்கும் பிசிஐஇ வழியின் மூன்றாம் தலைமுறை வேகத்தோடு நின்றுவிடுவதால், அவ்வழியின் நான்கு தடங்களை மட்டும் பயன்படுத்தும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டைப் பின்னாளில் சேர்ப்பவர் அந்தக் கார்டுக்குரிய தரவு வேகத்தில் பாதியை இழக்கிறார். மேலும் 5600ஜி, ரேமையே தன் கிராபிக்ஸ் நினைவகமாகவும் பயன்படுத்துவதால், 16 ஜிபி ரேமை ஒரே துண்டாக வாங்குவதைவிட எட்டு ஜிபியாக இரண்டு துண்டுகள் வாங்கி, நான்கு துளைப் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாம், நான்காம் துளைகளில் செருகுவதே சிறந்தது.

ரேமைப் பொறுத்தவரை குழப்பத்துக்கு இடமில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடுமுனைகளே இருந்தாலும், நடுவிலுள்ள வெட்டின் இடம் சற்று விலகியிருப்பதால் ஒன்று மற்றதன் துளையில் இறங்காது. ஏஎம்4 முன்னதை மட்டுமே ஏற்கும், ஏஎம்5 பின்னதை மட்டுமே ஏற்கும். ஏஎம்5 கணினியை முதன்முறை இயக்கும்போது, ரேமின் வேகத்தைப் போர்டு தானே சோதித்துப் பழகிக்கொள்வதால் திரை சில நிமிடங்கள் இருண்டே கிடக்கும். பழுதென்று எண்ணி அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கவனம் கோருவது எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டி. பிற பாகங்கள் பொருந்தாவிட்டால் கணினி இயங்காது, அவ்வளவுதான். இது பொருந்தாவிட்டால் மற்றவை எரிந்துபோகும். வேண்டிய கேபிள்களை மட்டும் செருகிக்கொள்ளும் மாடுலர் வகைப் பெட்டிகளில், ஹார்டு டிஸ்க்கையும் போர்டையும் சேரும் முனைக்குப் பொதுவான தரநிலை உண்டு. பெட்டியைச் சேரும் முனைக்கு அப்படியொன்று இல்லை. ஒரு நிறுவனத்தின் கேபிள் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில், சில வேளைகளில் அதே நிறுவனத்தின் வேறொரு மாடலில்கூட, கச்சிதமாக நுழைந்து, ஐந்து வோல்ட் செல்ல வேண்டிய கம்பியில் பன்னிரண்டு வோல்ட்டைச் செலுத்திவிடும். குடும்பப் புகைப்படங்கள் முழுவதும் அடங்கிய ஹார்டு டிஸ்க் அந்த ஒரு நொடியில் போய்விடலாம்.

கல்யாணுக்கு மின்சாரம் தருவது மகாவிதரண். மழைக்காலத்தில் மின்வெட்டை எதிர்பார்த்தே யுபிஎஸ் வாங்கப்படுகிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்டைத்தான் தாங்கும். 65 வாட் பிராசஸரும் 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டும் மானிட்டரும் சேர்ந்தால், கோப்புகளைச் சேமித்து முறையாக அணைக்கும் அவகாசம் கிடைக்கும். தொடர்ந்து வேலை செய்ய முடியாது. சைன் அலையைத் தராத மலிவான யுபிஎஸ்ஸோடு, ஆக்டிவ் பிஎஃப்சி எனப்படும் திறன்காரணித் திருத்தச் சுற்றைக் கொண்ட சில எஸ்எம்பிஎஸ்கள் மின்சாரம் மாறும் கணத்தில் அணைந்துவிடுவதும் உண்டு. எனவே இரண்டையும் ஒன்றாகவே தேர்ந்தெடுப்பது நல்லது.

கேபினெட்டில் பார்க்க வேண்டியவை மூன்றே: போர்டின் அளவு, கார்டின் நீளம், குளிர்விப்பானின் உயரம். பழைய ஏஎம்4 குளிர்விப்பான்களில் பல ஏஎம்5இலும் பொருந்தும். ஆனால் போர்டின் பின்தகட்டை நீக்கித் தன் தகட்டை வைக்கும் வகை பொருந்தாது, ஏனெனில் ஏஎம்5இன் பின்தகடு கழற்றக்கூடியதன்று.

2025இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிய நிலையில் தீர்ப்பும் தெளிவாகிறது. வீட்டில் டிடிஆர்4 ரேமும் ஏஎம்4 போர்டும் வைத்திருப்பவர், பயாஸைப் புதுப்பித்து 5600 வரிசைக்கு மாறுவதே சிக்கனம். எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவருக்கு, சிறிய கிராபிக்ஸ் பகுதியைத் தன்னுள்ளேயே கொண்ட ரைசன் 5 7600உடன் ஏஎம்5 தளமே தகும். அந்தச் சாக்கெட்டுக்கு 2027ஐத் தாண்டியும் ஆதரவு தரப்படும் என்று ஏஎம்டி அறிவித்துள்ளது. எதை வாங்கினாலும், போர்டையும் பிராசஸரையும் ரேமையும் ஒரே கடையில் எடுத்து, அங்கேயே இயக்கச் சொல்லி, திரையில் பயாஸ் பதிப்பைப் பார்த்த பிறகே கிராண்ட் ரோடு நிலையத்துக்கு நடக்க வேண்டும்.