பயப்படவும் உரிமை வேண்டும்: பருவநிலை அச்சமும் இளையோர் அரங்கும்

சென்னையில் ஒரு பள்ளி அரங்கில் நாடகம் பார்த்தேன். பிள்ளைகள் நீலத் துணியை அலையாக அசைத்தார்கள். 2050இல் நகரம் மூழ்குகிறது. ‘எனக்கு எதிர்காலமே இல்லையா?’ என்று ஒரு சிறுமி அழுதாள். பெற்றோர் கண்கலங்கினார்கள். முடிவில் ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்கள். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளியே வந்ததும் ஒரு கேள்வி உறுத்தியது: அந்த வெள்ளம் வடிந்த பிறகு சேற்றை அள்ளப் போவது யார்? நாடகத்தில் அந்த ஆளே இல்லை.

அந்தச் சிறுமியின் பயம் பொய்யல்ல. லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் 2021இல் வந்த ஆய்வில் இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 75 பேர் எதிர்காலம் அச்சுறுத்துகிறது என்றார்கள். கேட்டது இணையம் வழியாக. கணினியும் கைபேசியும் இல்லாத பிள்ளையின் பயம் அந்தக் கணக்கில் சேராது.

இந்த அச்சத்தை அரங்கம் கையிலெடுத்து வெகுநாளாயிற்று. ஷான்டல் பிலோடோ முதலானோர் 2015இல் தொடங்கிய ‘கிளைமேட் சேஞ்ச் தியேட்டர் ஆக்‌ஷன்’ ஈராண்டுக்கொருமுறை பல நாட்டு எழுத்தாளர்களின் குறுநாடகங்களைத் தருகிறது. பள்ளி, கல்லூரி மாணவர்களும் நடிக்கிறார்கள். நாடகத்தோடு ஒரு செயலையும் இணைக்கச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தச் செயல்? மரக்கன்றோடு முடிகிற செயலா?

நமக்கு 2050 வரை காத்திருக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் வைத்தார்கள். அது சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதி. 2023 மிக்ஜாம் புயலில் அங்கேயும் தண்ணீர். 2015இல் நகரத்துக் குப்பையை அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கூட்டிவந்தார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. அவர்கள் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப் பெயர்க்கப்பட்ட ஒரு குடியிருப்பில் பிள்ளைகளோடு நாடகப் பயிற்சி. “தண்ணி வந்தா பயமில்லையா?” என்று கேட்டேன். “பழகிப்போச்சுக்கா” என்றாள் ஒருத்தி. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “மழ பேஞ்சா ராத்திரி தூங்க மாட்டேங்க்கா. எல்லாரும் வீட்ல இருப்பாங்க, எங்கம்மாவ மட்டும் வேலைக்குக் கூப்ட்ருவாங்க.”

‘பருவநிலை அச்சம் மேட்டுக்குடி நோய்’ என்று நம் தோழர்கள் சிலர் தள்ளிவிடுகிறார்கள். தப்பு. நம் பிள்ளைகளுக்கும் பயம் உண்டு. அதற்குப் பெயர்தான் இல்லை. ‘அவங்க தாங்கிக்குவாங்க’ என்று ஊர் சொல்வதைத்தான் நாமும் வேறு வார்த்தையில் சொல்கிறோம். பழகிப்போச்சு என்கிற சொல்லை உடைப்பதே இளையோர் அரங்கின் முதல் வேலை.

அதற்குக் கண்ணீர் போதாது. பிரேசிலின் அகஸ்டோ போவால் இதைத்தான் சொன்னார்: அழுது தீர்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக வைக்கும் நாடகம் ஆள்பவர்களுக்கு வசதியானது. 1973இல் பெரு நாட்டில், தான் சொன்ன யோசனையை நடிகை சரியாகச் செய்யவில்லையென்று பார்வையாளர் ஒருத்தி தானே மேடையேறினாள். போவால் அதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார்.

நாங்களும் செய்து பார்த்தோம். மேஸ்திரி அம்மாவைக் கூப்பிடும் காட்சி. ஒருத்தி இடைமறித்துப் பூட்ஸ் கேட்டாள். இன்னொருவன் ‘மாட்டேன்’ என்றான். “வேல போயிரும்டா” என்று கூட்டத்திலிருந்து குரல். நாடகம் அங்கேயே நின்றுபோனது. குறையும் உண்டு: மேஸ்திரியை மட்டும் வில்லனாக்கினோம். சதுப்பில் வீடு கட்டக் கையெழுத்துப் போட்டவர் மேடைக்கே வரவில்லை. அடுத்த முறை அவர் வர வேண்டும்.

கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ 1990களிலேயே கேட்டது: ஊர் நன்மைக்குப் பலி என்றால் யாரைக் கொடுப்பது? பூமியைக் காப்பாற்றப் புறப்பட்ட நாடகங்களிடமும் நம் கேள்வி அதுவே. முடியாமல் நின்ற எங்கள் நாடகத்தை, முடிந்துபோன அந்த மரக்கன்று நாடகத்தைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். அன்று அந்தப் பிள்ளை ‘பழகிப்போச்சு’ என்று சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.