ஜெபக் குறிப்பில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்

தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் வீடுகளில் வேதப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கும் ஜெபக் குறிப்புத் தாளைப் பிரித்தால் அது பெரும்பாலும் ஒரு மாதக் காலண்டர் போலத்தான் இருக்கும். 1ஆம் தேதிக்கு ஒரு மாநிலம், 2ஆம் தேதிக்கு ஒரு பழங்குடி, 3ஆம் தேதிக்கு ஒரு நகரம். பக்கத்திலேயே மக்கள்தொகை, பேசும் மொழி, அங்கிருக்கும் ஊழியர்கள், இன்னும் ‘சந்திக்கப்படாத’ கிராமங்கள். அடியில் விட்ட காலி இடத்தில் ‘கணவர்’, ‘மருமகன்’, ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று பேனாவால் எழுதியிருப்பார்கள். பருத்தி ஏலத்துக்குப் பெயர்போன மூலனூர் பக்கமானாலும், பனியன் கம்பெனிகள் நெருக்கியடிக்கும் திருப்பூர்ச் சந்துகளானாலும் தாளின் அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. இதை மதமாற்றத் திட்டம் என்று ஒரு தரப்பு ஏசுகிறது. ஆத்தும பாரம் என்று இன்னொரு தரப்பு போற்றுகிறது. இரண்டு தரப்பும் மதமாற்றத்தைப் பற்றித்தான் பேசுகின்றன, ஜெபத்தைப் பற்றி அல்ல. பிறருடைய மனமாற்றத்துக்காக வேண்டுவது என்ற செயலுக்கென்று ஒரு தருக்கம் இருக்கிறது. அந்தத் தருக்கத்தின்படி பார்த்தால் அந்தத் தாளின் அடியில் பேனாவால் எழுதிய பகுதி ஜெபம். மேலே அச்சிட்ட பகுதியோ வெகுநாளாக வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

தருக்கத்தைத் தெளிவாகச் சொன்னவர் அகுஸ்தீன். 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார்த்தேஜைச் சேர்ந்த வித்தாலிஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. விசுவாசம் மனிதன் தானாக எடுக்கும் முடிவு, கடவுள் அதில் கைவைப்பதில்லை என்பது வித்தாலிஸின் வாதம். அப்படியானால் அவிசுவாசிகளுக்காக மன்றாடும்படி பலிபீடத்தில் நின்று குருவானவர் அழைக்கும்போது அதை மறுத்துப் பேசத் துணிவாயா என்று அகுஸ்தீன் மடக்குகிறார். ஒருவர் மனத்தைத் திருப்புவது கடவுளின் வேலை என்று ஒப்புக்கொண்டால்தான் அதற்காகக் கடவுளிடம் கேட்பதில் பொருள் உண்டு. இதன் மறுபக்கத்தை அவர் தம் சுயசரிதையிலேயே காட்டியிருக்கிறார். மகனோடு வாதாடி அவனைத் திருத்தும்படி தாய் மோனிக்கா ஓர் ஆயரைக் கெஞ்சுகிறாள். ஆயர் மறுக்கிறார், அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய் என்கிறார். அதாவது ஜெபிப்பது என்றால் வற்புறுத்தும் உரிமையைக் கைவிடுவது. பிள்ளைக்காக நேர்ந்துகொள்ளும் எந்தத் தாய்க்கும் இது விளங்கும்: விண்ணப்பத்தைச் சந்நிதியில் வைத்தபின் முடிவு நம் கையில் இல்லை.

இந்தக் கைவிடலோடு ஒரு கணக்கும் சேர்ந்துகொண்டது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1784இல் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் பாப்டிஸ்டுகள் மாதந்தோறும் கூடி உலகத்துக்காக ஜெபிக்க அழைப்பு விடுத்தார்கள். அந்த வட்டத்திலிருந்து வந்த வில்லியம் கேரி, 1792இல் வெளியிட்ட சிறு நூலில் நாடு வாரியாக மக்கள்தொகையும் மதமும் போட்டு அட்டவணை தயாரித்தார். நம் ஜெபக் குறிப்புத் தாளின் முப்பாட்டன் அந்த அட்டவணைதான். இந்தியாவும் இதில் ஜெபிக்கப்படும் இடத்தில் மட்டும் இல்லை. 1857 கிளர்ச்சி அடங்கிய கையோடு, 1858இல் லூதியானாவிலிருந்த அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் உலக மனமாற்றத்துக்காக 1860 ஜனவரியில் ஒரு வாரம் எல்லா நாட்டுக் கிறிஸ்தவர்களும் ஜெபிக்க வேண்டும் என்று அழைத்தார்கள். ஆண்டு தொடக்கத்தில் பல சபைகள் அனுசரிக்கும் ஜெப வாரம் அங்கிருந்து வந்தது. அதே 1860இல் திருநெல்வேலிச் சீமையில், கிறிஸ்தியான்பேட்டையின் அருளப்பனைச் சுற்றி ஓர் எழுப்புதல் கிளம்பியது. ஜெப வாரத்தின் பலன் என்று சொல்ல வசதியான தற்செயல். ஆனால் அழுது, நடுங்கி, பாவ அறிக்கை செய்ய முதலில் கிளம்பியவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள். உலகம் மாற வேண்டும் என்ற ஜெபம் ஜெபித்தவர்களின் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டியது.

பட்டியலுக்கும் பலனுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மை தமிழகக் கிறிஸ்தவ வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. தனிமனிதர்கள், குறிப்பாகக் கற்ற உயர்சாதியினர், வாதத்தால் தெளிந்து வரவேண்டும் என்று பல மிஷனரிகள் ஏங்கினார்கள். அப்படியும் சிலர் வந்தார்கள். 1858இல் ஞானஸ்நானம் பெற்று பின்னாளில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஒருவர். கூட்டமாக வந்தவர்களோ பனையேறிகளும் சேரிக்காரர்களும். அவர்கள் தேடியதில் மோட்சத்தோடு மானமும் படிப்பும் சேர்ந்தே இருந்தன. 1877–78 பஞ்சத்தின்போது மிஷனரி கால்டுவெல்லின் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தபோது, இது விசுவாசமா கஞ்சியா என்ற கேள்வி மிஷன் வட்டாரத்திலேயே எழுந்தது. கொங்கு நாட்டில் கோவையும் ஈரோடும் லண்டன் மிஷனின் களமாகவும், கரூரும் தாராபுரமும் வெஸ்லியன் மெத்தடிஸ்டுகளின் களமாகவும் இருந்தன. தாராபுரம் வட்டாரச் சேரிகளிலும் மக்கள் குடும்பம் குடும்பமாகத்தான் வந்தார்கள். பண்ணையத்தில் கட்டுண்டவனுக்குத் தனியாக எடுக்க ஒரு முடிவு ஏது? இன்னும் கூர்மையான சான்று மீனாட்சிபுரம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கிறிஸ்தவ ஜெபம் அடர்த்தியாக விழுந்த திருநெல்வேலி மண்ணில், 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் மதம் மாறினார்கள்; போய்ச் சேர்ந்தது இஸ்லாத்தில். மனிதர்கள் தங்கள் காரணங்களுக்காக, தங்கள் வேளையில், தாங்கள் தேர்ந்த திசையில் நகர்கிறார்கள். ஜெபிப்பவர் இதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. அகுஸ்தீன் சொன்னது சரியென்றால் இப்படித்தான் இருந்தாக வேண்டும்.

ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இந்தப் பாடத்தைக் கேட்கவில்லை. 1974இல் லோசான் உலக நற்செய்தி மாநாட்டில் ரால்ஃப் வின்டர் உலகத்தை நாடுகளாக அல்லாமல் எட்டப்படாத இனக்குழுக்களாகப் பார்க்கச் சொன்னார். இந்தியாவில் அதற்குக் கிடைத்த அலகு சாதி! லூயிஸ் புஷ் 1989இல் முன்வைத்த கருத்து, வடக்கு அட்சரேகை 10க்கும் 40க்கும் இடையில் ஒரு செவ்வகம் வரைந்து அதை ஜெபத்தின் இலக்கு ஆக்கியது. இந்தியாவில் அதற்குக் கிடைத்த அலகு சாதி! தமிழகம் பெரும்பாலும் உள்ளே, கன்னியாகுமரி வெளியே. அட்சரேகைக்கு நாஞ்சில் நாட்டு நிலவரம் தெரிய நியாயமில்லை. 1999 அக்டோபரில் அமெரிக்கத் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தீபாவளியையொட்டி இந்துக்களுக்காக ஜெபிக்க ஒரு கையேடு வெளியிட்டார்கள். விளக்கேற்றும் பண்டிகை நாளில் இந்துக்களை இருளில் கிடப்பவர்களாக அது வர்ணித்தது. சில நாளில், நவம்பர் தொடக்கத்தில், போப் இரண்டாம் ஜான் பால் டெல்லி வந்தார். தீபாவளியன்றே திருப்பலி நிறைவேற்றினார். அவருடைய வருகைமேலும் அந்தக் கையேட்டின் நிழல் விழுந்தது. ஜெபம் என்று பெயர் போட்ட தாளில் கடவுளிடம் கேட்ட வரிகளைவிட மனிதர்களை வர்ணித்த வரிகளே அதிகமாகிவிட்டால் நேர்வது இதுதான். கடவுளுக்கு மக்கள்தொகை விவரம் தேவையில்லை. வர்ணனை எழுதப்படுவது ஜெபிப்பவரின் காதுக்காக.

வழிபாட்டு நூல்களின் வரலாறு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. ரோமத் திருச்சபையின் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்த இழிசொல் நூற்றாண்டுகளாக இருந்தது. 1959இல் 23ஆம் ஜான் அதை எடுத்தார். சிலைகளை விட்டுத் திரும்பவேண்டும் என்று ‘புறமதத்தாருக்காக’ வேண்டிய பழைய பகுதியும் 1970 நூலில் மாறியது. நேர்மையான உள்ளத்தோடு நடக்கும் அவர்கள் உண்மையைக் கண்டடையவேண்டும் என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில், உலகில் நாங்கள் ஒருவரையொருவர் இன்னும் நேசித்துச் சிறந்த சாட்சிகளாக வேண்டும் என்றும் அது கேட்கிறது. பாதி மன்றாட்டு மன்றாடுபவர் பக்கம் திரும்பிவிட்டது. தமிழிலும் ஒரு சொல் இப்படி ஒதுங்கியிருக்கிறது. இந்துக்களை ‘அஞ்ஞானிகள்’ என்று அழைப்பது பழைய கிறிஸ்தவ உரைநடையில் சர்வசாதாரணம். மலமும் மாயையும் பற்றி நூல் நூலாக எழுதிய சைவனிடமிருந்தே சொல்லை எடுத்து அவன்மேலேயே எறிந்த கதை அது. மிஷனரி பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலரே 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதிப் பதிலடி கொடுத்ததில் வியப்பில்லை. இன்று அச்சில் ‘பிற சமயத்தார்’ வந்துவிட்டார். ‘புறஜாதியார்’ இன்னும் மைக்கில் வருகிறார். இந்த மாற்றங்களில் ஒரு பொது விதி தெரிகிறது: ஜெபத்தில் சொல்லப்படுபவர் அதைக் கேட்கும் தூரத்துக்கு வந்ததும் ஜெபம் தன் மொழியைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே என் அளவுகோல் இது. யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் அதே பாயில் உட்கார்ந்திருந்தால் அதே வார்த்தைகளில் ஜெபிக்க முடியுமா?

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது காந்தியுடையது. இந்து நல்ல இந்துவாகவும் முஸ்லிம் நல்ல முஸ்லிமாகவும் கிறிஸ்தவர் நல்ல கிறிஸ்தவராகவும் ஆகவேண்டும் என்பதே நம் ஜெபமாக இருக்கவேண்டும் என்று 1928இல் அவர் சொன்னார். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் பிறந்த மதத்திலேயே மேம்படு என்ற வாழ்த்து எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தபோது அவருக்கு அது வாழ்த்தாகவா இருந்திருக்கும்? இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: ஜெபம் யாரையும் தொடுவதில்லை, பூட்டிய அறைக்குள் என்ன சொன்னால் உனக்கென்ன? பூட்டிய அறை என்றால் சரிதான். ஆனால் இப்போது ஜெபம் நடப்பது கூம்பு ஸ்பீக்கரிலும் யூடியூபிலும். தெருவிலிருப்பவர் தன்னைப் பற்றி மேலே முறையிடப்படுவதைத் தன் திண்ணையிலிருந்தே கேட்கிறார். ஒடிசாவின் 1967 சட்டம் தொடங்கி, தமிழகத்தில் 2002இல் வந்து 2004இல் திரும்பப் பெறப்பட்ட சட்டம்வரை, தெய்வ கோபத்தைக் காட்டி மிரட்டுவதும் ‘பலவந்தம்’ என்ற வரையறைக்குள் இருந்தது. இந்தச் சட்டங்கள் அப்பாவிகளை அலைக்கழிக்கவே அதிகம் பயன்பட்டன என்பது என் எண்ணம். ஆனாலும், ஜெபம் எந்தப் புள்ளியில் மிரட்டலாகலாம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறார்கள். மூன்றாவது, விசுவாசிகளின் மறுப்பு: விவரம் தெரியாமல் எப்படிப் பாரத்தோடு ஜெபிப்பது? நியாயம். திருநெல்வேலிப் பக்க ஜெபக்குழுக்களிலிருந்து வளர்ந்த எஃப்.எம்.பி.பி. இயக்கம் ஜார்க்கண்டின் மால்தோ மக்களைப் பற்றி அறிந்துகொண்ட விவரங்களில் மலேரியாவும் காலா-அசாரும் இருந்தன. அந்த விவரம் மருத்துவப் பணியாயிற்று. விவரம் கையை வேலைக்கு அனுப்பினால் அது பாரம். வெறும் எண்ணிக்கையாகச் சுவரில் தொங்கினால் அது குறி.

தமிழகத்துப் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் முதலில் வாதம் கேட்டு வருவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், கடன்காரன் வாசலில், “எங்களுக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்கக்கா” என்று அவர்களே கேட்டு வருகிறார்கள். அங்கே ஜெபிக்கப்படுபவர் எதிரிலேயே முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டது அவர், கேட்பதும் அவர். சுகத்தைக் காட்டி ஆள் பிடிக்கும் ஆசை இங்கேயும் நுழையும், நுழைந்திருக்கிறது. ஆனால் என் அளவுகோலின்படி பட்டியல் ஜெபத்தைவிட இது நேர்மையானது.

கொங்கு மண்ணில் இந்தக் கேள்வி இப்போது இன்னும் நெருங்கிவிட்டது. தென்மாவட்டத்து ஜெபக் குறிப்புகளில் தலைமுறை தலைமுறையாகத் தூரதேசமாக இருந்தவை ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். பிழைக்க வந்த திருநெல்வேலிக்காரர்களும் அந்த மாநிலங்களின் பிள்ளைகளும் இன்று திருப்பூரில் ஒரே ஷெட்டில், அடுத்தடுத்த ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஒரே வரிசை லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். தாளின் மேல்பகுதியில் இருந்தவர் கீழ்ப்பகுதிக்கு வந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரராக. ஆகவே ஜெபக் குறிப்பு தயாரிக்கும் சபைகளுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழை அச்சுக்குக் கொடுக்கும்முன் ஒடிசாவைப் பற்றிய பக்கத்தை ஒடியாவில் பெயர்த்து, பக்கத்து மெஷினில் இருக்கும் டைலரிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். அவர் முகம் சுளிக்கும் வரியை அடித்துவிடுங்கள்.