மரத்துக் குழாயும் வீட்டு வேவ்கைடும்

மூணாறுத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் முதலில் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறும். அடுத்த மேட்டு லயம்வரை பாட்டுக் கேட்டாக வேண்டும். மலையாளத்தார் கோளாம்பி என்று சொல்லும் அதற்கு, 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வந்தபின் இரவு 10 மணிக்கு மேல் வாய்ப்பூட்டு. ஆனாலும் அதன் வம்சம் அற்றுப்போகவில்லை. உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டருக்கு முன்னால் பொருத்தும் வேவ்கைடாக வீட்டுக்குள் வந்திருக்கிறது.

குழாய் வடிவமைப்பில் மூத்த மரபு சத்தத்தைப் பெருக்கும் மரபு. 1919-இல் இயற்பியலாளர் வெப்ஸ்டர் வெளியிட்ட குழாய்ச் சமன்பாடு அதற்கு அடித்தளம். ஆம்ப்ளிஃபயரில் சில வாட் கிடைப்பதே அரிதாக இருந்த காலம், குறை சொல்வதற்கில்லை. 1975-இல் ஒலிப்பொறியாளர் டான் கீல் குழாயின் பழைய வளைவின் புனிதத்தையே கேள்வி கேட்டார். எல்லா அதிர்வெண்ணும் ஒரே அகலத்தில் பரவ வேண்டும் என்பது அவர் வழி. 1989-இல் எர்ல் கெடஸ், ஒலி விளிம்பில் முட்டிச் சிதறாமல் வழுக்கிச் செல்லும் வடிவத்தைத் தேடினார். நான் கெடஸ் கட்சி.

கீல் தந்த கணக்கு இன்றும் உதவும். 90 பாகைப் பரவலுக்கு 30 செ.மீ. அகல வாய் வைத்தால் ஏறக்குறைய 940 ஹெர்ட்ஸ்வரை கீழிறங்கியும் ஒலி பிடியில் நிற்கும். வாயைப் பாதியாக்கினால் 1,900-க்குக் கீழே பிடி நழுவும். மேசையில் அடக்கமாக இருக்கிறதே என்று சின்னதாகச் செய்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

மரம் கடைபவர்களுக்கு இங்கே கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் எளிதில் கிடைக்கும். ஆனால் காயும்போது வெடிக்கும், முறுக்கும். லேத்தில் வட்ட வாய்தான் வரும். அதனால் இளைஞர்கள் 3டி பிரிண்டருக்குப் போகிறார்கள். பல வீட்டு பிரிண்டர்களின் தட்டு 22 செ.மீ.தான், அதனால் பெரிய வாயை நான்கு இதழாக அச்சிட்டு எபாக்ஸியில் ஒட்டுவார்கள். அப்புறம் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, கண்ணாடிபோல் பளபளக்க வைப்பார்கள். அந்த உழைப்பெல்லாம் கண்ணுக்கு, காதுக்கு அல்ல. 20,000 ஹெர்ட்ஸிலும் அலைநீளம் 17 மி.மீ.; 0.2 மி.மீ. அச்சு வரிகளை ஒலி பொருட்படுத்தாது. பார்க்க வேண்டிய இடம் தொண்டை. ட்வீட்டரின் முகத்தட்டைக் கழற்றிவிட்டு, டோம் எனும் குவிந்த சவ்வின் ஓரத்தை ஒட்டி வேவ்கைடைத் தொடங்க வேண்டும். அங்கே நகத்தால் வருடும்போது படி தட்டினால் மேல்ஸ்தாயியில் குழப்பம் நிச்சயம்.

தரம் பார்க்க, மைக்கை ஓரிடத்தில் நிறுத்தி, ஸ்பீக்கரைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பி 60 வரை அளக்க வேண்டும். அளவீட்டுக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, பின்னிக்கொள்ளாமல் இறங்கினால் வேலை தேறியது. நேர் எதிரே மட்டும் அளந்து மார்தட்டுவோரை நம்ப வேண்டாம். சுவர் எதிரொலி கலக்காதிருக்க முற்றத்தில் அளப்பது உத்தமம். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் அதற்கும் வழியில்லை.