சத்தம் போடாத வால்வு

"பாய், இப்பல்லாம் வண்டி முன்னைவிட அமைதியா ஓடுது" என்றேன். ஒரு பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னேன். மெக்கானிக் பாய் சிரிக்கவில்லை. டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். "அதான் சார் பார்க்கணும். ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. இன்ஜின் நல்லா ஆறினப்புறம்தான் தொறக்கணும்."

என்னுடையது 2009 மாடல் ஹோண்டா சிட்டி. 1998இல் இந்தியாவுக்கு வந்த சிட்டியின் மூன்றாம் தலைமுறை. 2008 இறுதியில் இங்கே விற்பனைக்கு வந்தது. 1,497 சிசி பெட்ரோல் இன்ஜின், 118 குதிரைத்திறன், 506 லிட்டர் டிக்கி, 4.4 மீட்டர் சொச்சம் நீளம். அமெரிக்காவில் இந்த அளவைச் சின்ன கார் என்பார்கள். நம் ஊரில் இதுதான் மிட்சைஸ் செடான். பட்டுப்புடவை கசங்காமல் கல்யாணத்துக்குப் போய் இறங்கலாம். நான்கு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்று பின்பக்கத்தை நறுக்கிய செடான்கள் பெருகிவிட்ட காலத்தில், கூரை சரிந்து டிக்கியில் போய் உட்காரும் அந்த முழுக்கோட்டை இன்னமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். ஆனாலும் பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே வண்டியோடு குடித்தனம் நடத்துபவனுக்கு அழகு மெல்ல மெல்லப் பானெட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

மறுநாள் காலை பாய் டாப் கவரைக் கழற்றினார். தேன் நிறத்தில் எண்ணெய் பூசிக்கொண்டு பதினாறு வால்வுகள். ஒவ்வொரு வால்வின் தண்டு நுனிக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் துளி இடைவெளி இருக்க வேண்டும். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வுக்கு 0.15 முதல் 0.19 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.26 முதல் 0.30. தலைமுடி இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்த பருமன். இந்த வேலைக்குப் பெயர் டாப்பெட் செட்டிங். கருவி, விசிறிபோல விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ்.

தகட்டை நுழைத்து இழுக்கும்போது அது தடையின்றி வந்துவிடக் கூடாது, மாட்டிக்கொள்ளவும் கூடாது. பாடப்புத்தகத்துக்குள் குட்டி போடட்டும் என்று வைத்த மயிலிறகை உருவியவர்களுக்கு அந்தப் பிடிமானம் தெரியும். கஷ்டம் அதற்கப்புறம்தான். லாக் நட்டை இறுக்கினால் நடுவிலுள்ள திருகும் கூடவே சுற்றிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும். வலது கை ஸ்பேனரை இறுக்க, இடது கை ஸ்க்ரூடிரைவரால் திருகை அசையவிடாமல் பிடித்திருக்க வேண்டும். இறுகியபின் தகட்டை மறுபடி நுழைத்துப் பார்க்க வேண்டும். பாய் பதினாறுக்கும் பார்த்தார். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது அந்த இரண்டாவது பார்வையைத்தான்.

மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றில் 0.26 தகடு நுழையவே இல்லை. "பார்த்தீங்களா? வாயத் தொறந்து பேசற வால்வு சாகாது சார். பேசாம இருக்கறதுதான் கருகிப்போகும்."

இடைவெளி கூடினால் வால்வு டிக் டிக்கென்று தட்டும். காதுக்குத் தொந்தரவு, கூடுதல் கொஞ்சம்தான் என்றால் இன்ஜினுக்குப் பெரிய கேடில்லை. குறைந்தால் தட்டல் அடங்கிவிடும். ஆனால் வால்வு முழுதாக மூடாது. எரிந்த புகையின் சூடெல்லாம் எக்ஸாஸ்ட் வால்வின் தலையில்தான் ஏறுகிறது. மூடியிருக்கும் அந்தக் கணத்தில் தன் சீட்டைத் தொட்டுத்தான் சூட்டின் பெரும்பகுதியை அது இறக்கிவைக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றும்போது நொடிக்கு இருபத்தைந்து தடவை இந்தத் தொடுகை. அது அரைகுறையானால் விளிம்பு கருகும். ஓட ஓட வால்வும் சீட்டும் தேய்ந்து இடைவெளி தானாகவே சுருங்குவதும் உண்டு. நான் பெருமைப்பட்ட அமைதி அப்படி வந்தது. எல்லாம் சரியாக இருப்பதால் வரும் அமைதி ஒன்று. சொல்லாமல் நோவு வளர்வதால் வரும் அமைதி இன்னொன்று. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துச் சொல்ல ஒரு தகடும் ஒரு கையும் வேண்டியிருக்கிறது.

வண்டியில் சத்தமில்லாமல் கெடுபவற்றின் பட்டியல் நீளம். பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகம் புதிதில் 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது, ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். சென்னை சிக்னல்களுக்குள் ஓடும்வரை காலுக்கு எதுவும் தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் தெரியும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகி உள்ளே போய்விடும். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். இறக்கத்தில் இரண்டாவது கியரை விட்டு ஏறுவதில்லை. போன வருடம் குடும்பத்தோடு இறங்கி, காரவள்ளி அடிவாரத்தில் டீ குடித்தோம். வளைவுகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேச்சின்மையின் விலை ஒரு பாட்டில் பிரேக் ஆயில்.

அடுத்தது, இன்ஜின் ஆயிலை வடிக்க வண்டியின் வயிற்றிலிருக்கும் ட்ரெயின் போல்ட். பதினேழாம் நம்பர் ஸ்பேனர். போல்ட் எஃகு, அது ஏறும் சம்ப் அலுமினியம். முறையான இறுக்கம் 39 நியூட்டன் மீட்டர். கையை வைத்து நிதானமாக ஓர் அழுத்து, அவ்வளவே. மீதியை நடுவிலிருக்கும் அலுமினிய வாஷர் பார்த்துக்கொள்ளும். தான் நசுங்கி அது எண்ணெயை அடைக்கிறது. நசுங்குவதே அதன் தொழில் என்பதால் ஒருமுறைக்கு மேல் உதவாது. ஒருதரம் நெடுஞ்சாலைப் பட்டறை ஒன்றில் பழைய வாஷரையே போட்டு, கசிவை மறைக்க ஒரு பையன் ஸ்பேனர் மேல் ஏறி நின்றான். அடுத்த ஆயில் சர்வீஸில் போல்ட்டோடு மரையும் சுருள் சுருளாக வெளியே வந்தது. அன்றிலிருந்து உதிரிபாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால் வாஷர் ஒரு டஜன் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவைக்கிறேன். பட்டறைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்.

வேப்ப மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு இன்னொன்று. வைப்பருக்குக் கீழே கருப்பு பிளாஸ்டிக் தட்டின் ஓரங்களில் இலைக்காம்புகள் சேர்ந்து தண்ணீர் வடியும் துளையை அடைக்கும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் விரலை விட்டு வழித்து எடுத்துவிட்டால் போதும். விட்டால் ஒருநாள் மிதியடி ஈரமாக இருக்கும். தகடு துருப்பிடிப்பது அதற்கு முன்பே தொடங்கியிருக்கும்.

"இவ்வளவு மெனக்கெடுறதுக்குப் புதுசே வாங்கிரலாமே" என்பார் பக்கத்து வீட்டு மாமா. கணக்குப் போட்டால் அவர் தோற்பார், ஆனால் நான் கணக்குக்காக வைத்திருக்கவில்லை. 2024இல் பதிவுக்காலம் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். சேசிஸ் எண்ணை பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்தார்கள். பசுமை வரி கட்டினேன். வண்டியைப் பார்த்துவிட்டு இன்னும் ஐந்து வருடம் என்றார்கள். கையில் கொண்டுபோயிருந்த நாற்பது பக்க நோட்டை யாரும் கேட்கவில்லை. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை என்று முதல் நாளிலிருந்து எழுதிவருவது. முக்கால்வாசி வரிகள் "பார்த்தது, சரி" என்றே முடியும். யாராவது வாசித்தால் கொட்டாவி வரும். எனக்கு அது நல்ல வாசிப்பு.

பாய் டாப் கவரை மூடி ஸ்டார்ட் செய்தார். சூடேறும்வரை காத்திருந்தோம். மிக மெல்லிய தட்டல், தூரத்து வீட்டில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவதுபோல.

"கேக்குதா?"

"கேக்குது பாய்."

"இது இருக்கணும்."

பெரம்பூர் ரயில்வே காம்பவுண்டு சுவரை ஒட்டி வரும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம். வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்குமுன் நோட்டை எடுத்து எழுதினேன்: '1,62,400. டாப்பெட். மூன்றாவது எக்ஸாஸ்ட் டைட்டாக இருந்தது. இப்போது பேசுகிறது.'