பொதுச்சுவர்

பிரிட்டனில் வீடு விற்கும் விளம்பரங்களுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. மூன்று படுக்கையறை, பின்பக்கம் சின்னத் தோட்டம், நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும். இந்தத் தகவல்களுக்கு முன்னால் சில பெயரடைகள் வந்து நிற்கும்: குடும்பத்துக்கேற்ற வரிசை வீடு, அமைதியான தெரு, பல இனத்தவரும் கலந்து வாழும் பகுதி. செங்கலையும் கூரையையும் சர்வேயர் சோதித்துச் சொல்லிவிடுவார். பெயரடைகளைச் சோதிப்பது யார்? குடும்பம், அமைதி, பன்மை என்ற இந்த மூன்று சொற்களையும் ஒரு நாவலை உடன் வைத்துக்கொண்டு வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. நைஜீரியாவில் பிறந்து லண்டனில் எழுதிய புச்சி எமெச்செட்டாவின் 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்', 1974இல் வெளிவந்தது.

லாகோஸிலிருந்து வந்திறங்கும் ஆடா, லண்டன் தெருவில் முதலில் திகைப்பது வீடுகளைப் பார்த்துத்தான். ஒரு வீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊரில் வீட்டைச் சுற்றி இடமிருக்கும், முன்னால் தாழ்வாரம், பின்னால் முற்றம். இங்கே சுவரோடு சுவர் ஒட்டி, கதவு நேராகத் தெருவில் திறக்கிறது. 'டெரஸ்' என்றால் நமக்கு மொட்டைமாடி நினைவுக்கு வரும். அங்கே அது தெரு நீளத்துக்கு ஒன்றாய்க் கட்டிய வீட்டு வரிசை. ஆலை நகரங்களில் தொழிலாளர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் இப்படி வரிசை வரிசையாகக் கட்டினார்கள். இரண்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரே சுவர். நம் பத்திர எழுத்தர்கள் இதைப் பொதுச்சுவர் என்பார்கள்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கலாம் என்பதே பிரிட்டனின் நீண்டகால அரசியல். பர்மிங்காமை அடுத்த ஸ்மெத்விக்கில் மார்ஷல் தெரு என்ற வரிசை வீட்டுத் தெரு இருக்கிறது. 1960களின் நடுவில், அங்கே விற்பனைக்கு வரும் வீடுகளை நகரசபையே வாங்கி வெள்ளையர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக் குடியிருப்பாளர்கள் கேட்டார்கள். நகரசபையும் அதற்கு இசைந்தது. பஞ்சாபிலிருந்து வந்த வார்ப்பாலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் அது. 1965 பிப்ரவரியில், கொலையாவதற்குச் சில நாட்கள் முன்பு, மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் வந்து நடந்தார். திட்டத்துக்கு அரசு அனுமதி தரவில்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று பொதுவாகத் தடுத்த சட்டம் 1968இல்தான் வந்தது. அன்று விலையைக் குறைக்கும் என்று அஞ்சப்பட்ட அதே கலப்பு, இன்று விளம்பரத்தில் வீட்டுக்கு அழகு சேர்க்கும் சொல்லாகியிருக்கிறது. அந்தக் கலப்பை உண்டாக்கியவர்கள் பட்ட பாடு அந்தச் சொல்லில் எங்கும் ஒட்டியிருக்கவில்லை.

எமெச்செட்டாவிடம் அது ஒட்டியிருக்கிறது. அறை தேடித் தொலைபேசியில் பேசும்போது ஆடா தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை மாற்றுகிறாள். குரலில் தப்பித்தது முகத்தில் தப்பவில்லை. கதவைத் திறந்த வீட்டுக்காரி நேரில் பார்த்ததும் அறை இப்போதுதான் போய்விட்டது என்கிறாள். ஆனால் இந்த நாவல் வெள்ளை நிறத்தை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவதில்லை. அதற்கு முன்பே ஆடாவைக் காலி செய்யச் சொன்னவர்கள் அவளுடைய நாட்டுக்காரர்கள்தான். அவள் வேறு இனக்குழு; பிள்ளைகளைத் தன்னோடு வைத்திருக்கிறாள்; நூலகத்தில் நல்ல வேலையும் பார்க்கிறாள். அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆடாவும் சளைத்தவளல்ல. ஊரில் தனக்கு வேலைக்காரர்களாக இருந்திருக்கக்கூடியவர்களோடு ஒரே கூரையின் கீழா என்று முகம் சுளிக்கிறாள். இந்த மேட்டிமையை நாவல் முழுதாக விசாரிப்பதில்லை. அதை இதன் குறையாகவே பார்க்கிறேன். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் வரிசை வீடுகளில் வாழும் தமிழர்களுக்கு இந்த முகச்சுளிப்பு அந்நியமாக இருக்காது. கடல் கடக்கும்போது சாதியை யாரும் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போவதில்லை.

அடுத்த சொல் அமைதி. பொதுச்சுவர் சத்தத்தைக் கடத்தும். குழந்தை அழுவதும் பாத்திரம் விழுவதும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அமைதியான தெரு என்று சொல்லும்போது, அங்கே யாரோ தங்கள் வீட்டுச் சத்தத்தைக் கட்டிக் காக்கிறார்கள் என்று பொருள். குழந்தையைத் தட்டிக்கொடுத்து அடக்குவது யார்? மெதுவாகப் பேசச் சொல்லப்படுவது யார்? பிரான்சிஸ் அடிக்கிறான், ஆடா வாங்குகிறாள். அடி விழுந்த வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே கேட்காவிட்டால் அதுவும் அமைதிக் கணக்கில்தான் சேரும். பெண்ணின் மௌனத்தை ஒரு பகுதியின் பெருமையாக விற்க முடிகிறது.

மூன்றாவது சொல்தான் கடினமானது. குடும்ப வீடு. லண்டனில் வீடு தேடிக்கொண்டிருந்த என் சித்தி மகளிடம் பத்திரம் யார் பெயரில் என்று கேட்டேன். "அவர் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்னக்கா, ஒரே குடும்பம்தானே?" என்றாள். முன்பணத்தில் பாதி அவளுடைய சம்பளச் சேமிப்பு. "ஒரே குடும்பம்னா ரெண்டு பேரையும் எழுதுறதுல என்ன கஷ்டம்டி?" என்றேன்.

மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்தில் முழுமையாக ஏற்றது 1882ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பிறகும் பெண்ணுக்கு வீட்டுக்கடன் தர ஓர் ஆணின் ஜாமீன் கேட்கும் வழக்கம் நீடித்தது. 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்துதான் அது சட்டவிரோதமானது. எமெச்செட்டாவின் நாவல் அச்சாகி ஓராண்டு கழித்து. இன்று அங்கே இருவர் சேர்ந்து வீடு வாங்க இரண்டு வழிகள். ஒன்றில் பங்கு பிரிக்காத கூட்டுடைமை. ஒருவர் இறந்தால் மற்றவருக்கு முழுதும் போகும். மற்றதில் அவரவர் பங்கு தனித்தனி. தன் பங்கை உயில் எழுதலாம். கணவன் பெயரில் மட்டும் வீடு இருந்தால் மனைவிக்கு வசிக்கும் உரிமை உண்டு. அதையும் நிலப் பதிவேட்டில் குறித்து வைத்தால்தான் வீட்டை வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தும். மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவளுக்கு அந்த உரிமையும் தானாக வராது. வசிப்பது வேறு, உடைமை வேறு. குடும்பம் என்ற சொல் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை அழித்துவிடுகிறது.

ஆடாவின் கதை காகிதங்களின் கதை. குழந்தைகளுக்கு நடுவே நோட்டுகளில் எழுதிய அவளுடைய முதல் கையெழுத்துப் பிரதியைப் பிரான்சிஸ் எரிக்கிறான். நீதிமன்றத்தில் தங்களுக்குத் திருமணமே நடக்கவில்லை என்கிறான். அதற்கான ஆவணங்களும் நெருப்புக்குப் போயிருக்கின்றன. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதப் பணமும் பூட்டக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்றார். ஆடாவிடம் சம்பளம் இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் குடும்பமே நடந்தது. அவளிடம் இல்லாதது, இன்னொருவன் எரிக்க முடியாத இடத்தில் எழுதப்பட்ட பெயர். பத்திரத்தில் பெயர் என்பதைச் சொத்தாசையாக மட்டும் பார்க்கும் முற்போக்காளர்களுக்கு இந்த நாவலையே பதிலாகத் தருவேன்.

நாவல் முடிவில் ஆடாவுக்கு வீடு கிடைப்பதில்லை. நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்து அலைகிறவளை ஊரில் தெரிந்த பழைய நண்பன் ஒருவன் பார்க்கிறான். அவள் வீடு போக டாக்ஸிக்குப் பணம் கொடுக்கிறான். அவள் இன்னும் கணவனோடு இருக்கிறாள் என்ற நினைப்பில் கொடுக்கிறான். கருணைகூடக் கணவன் பெயரில்தான் அவளுக்கு வந்து சேர்கிறது. எமெச்செட்டா அங்கே நிறுத்திவிடுகிறார்.